ஓடிப் பார்த்த பெல்ட்தான் பெட்டிக்குப் போக வேண்டும்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏறும் பாதைகளில் விடியுமுன்பே ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்த வழியாக ஏறினாலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுபோகும் வண்டிகளைப் பார்க்கலாம். அவற்றில் பல, ஷோரூமில் விற்பனை நின்று வெகுகாலம் ஆன மாடல்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும் அதனால் வரும் விபத்துகளும் தனிக்கதை. அதற்கு இங்கே வக்காலத்து வாங்கப்போவதில்லை. பேச வேண்டியது, அந்த வண்டிகளின் சீட்டுக்கு அடியில் கிடக்கும் சின்னப் பெட்டியைப் பற்றி.

கொளுக்குமலையை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டி போகும் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. ஏறக்குறைய 8,000 அடி உயரம், கல்லும் பள்ளமுமான தடம், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் ஏற முடியாது. அங்கே ஒரு ஜீப் நின்றுபோனால் பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, பெட்டியிலிருந்து எதையோ எடுத்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பிவிடுவார். சுற்றுலா வந்தவர்களுக்கு இது வேடிக்கை. அவருக்கு அன்றாடம்.

சில ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் பழைய ஜீப்புகளைத் தேடி அலைகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் பொறுக்குகிறார்கள், ஹரியாணாவின் மண்டி டப்வாலியில் கட்டிய திறந்த ஜீப்பை லாரியில் ஏற்றி வரவழைக்கிறார்கள், ராணுவத்தில் கழித்துக்கட்டிய வண்டியை மூன்றாம் கை நான்காம் கையாக வாங்குகிறார்கள். சனிக்கிழமை மலையேறுகிறார்கள். இவர்களின் வண்டியில் வின்ச் இருக்கும், ஆளுயர ஜாக்கி இருக்கும், கூரை முழுக்க விளக்கு இருக்கும். ஆனால் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ரப்பர் சாமானாகத்தான் இருக்கிறது. அது பெட்டியில் இருக்காது. இருந்தாலும் பொருந்தாது. பொருந்தினாலும் மாட்டும் ஸ்பேனர் இருக்காது.

பிழைப்புக்கு ஓட்டுகிறவரும் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவரும் இந்த இடத்தில்தான் பிரிகிறார்கள். முதலாமவரிடம் இரண்டாமவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: கடையில் வாங்கிய புதுப் பாகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அதை வண்டியில் மாட்டுங்கள். கழற்றிய பழையது, இன்னும் ஆயுசு மிச்சமிருக்கும்போதே, பெட்டிக்குப் போகட்டும்.

கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். நல்ல பாகத்தை இப்போதே ஏன் தேய்க்க வேண்டும் என்று சிக்கனக்காரர் மனம் கேட்கும். ஃபேன் பெல்ட்டையே பாருங்கள். பழைய ஜீப்பில் ஒரே பெல்ட்தான் விசிறியைச் சுற்றுகிறது, தண்ணீர் பம்ப்பைச் சுற்றுகிறது, டைனமோவையும் சுற்றுகிறது. அது அறுந்தால் முதலில் சார்ஜ் விளக்கு எரியும். ஹீட் மீட்டர் முள் அதற்கப்புறம்தான் ஏறும். விளக்கைப் பார்த்தவுடன் ஓரங்கட்டுகிறவர் பெல்ட்டோடு தப்பிக்கிறார். முள் ஏறட்டும் என்று காத்திருப்பவர் ஹெட் கேஸ்கட்டுக்கும் சேர்த்துச் செலவழிக்கிறார். இப்போது பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது உறை பிரிக்காத பெல்ட். கடைக்காரர் நம்பர் பார்த்துக் கொடுத்தது. அரை அங்குலம் நீளம் குறைவு. வீட்டு வாசலில் என்றால் கடைக்கு நடந்துபோய் மாற்றி வரலாம். பதினேழு கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டுச் சாலையின் நடுவில் என்ன செய்வது?

ஆறு மாதம் ஓடிய பெல்ட் பெட்டியில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அது பொருந்தும் என்பது தெரியும், தாங்கும் என்பதும் தெரியும். வாங்கிய புதிதில் மாட்டியபோதே எந்த போல்ட்டைத் தளர்த்த வேண்டும், டைனமோவை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கையும் பழகியிருக்கும். புதுசு மோசமான சரக்காக இருந்தாலும் உள்ளூரில் ஓடும்போதே பல்லைக் காட்டிவிடும்.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கன்டென்சர் விரல்நுனி அளவு சாமான். கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. கெடும்போதும் ஒழுங்காகக் கெடாது: சூடேறினால் செத்துப்போகும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். டிரைவர் கார்புரேட்டரைக் கழற்றுவார், பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகிப்பார், அதற்குள் அது ஆறியிருக்கும், வண்டி கிளம்பும். பழுது தீர்ந்தது என்று சந்தோஷமாக ஏறுவார். அடுத்த ஏற்றத்தில் மறுபடி நிற்கும். இந்த ஒரு சாமானில் புதியதை நம்பி ஏமாந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் போலிச் சரக்கு சில மணி நேரம்கூட ஓடாமல் போவதுண்டு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய கன்டென்சர் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருப்பவர் உறை பிரிக்காத மூன்றை வைத்திருப்பவரைவிடப் பாதுகாப்பானவர். அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். முகம் கருத்துப்போனால் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்துச் சுத்தம் செய்து, மடக்கிய விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி வைத்தால் வீடுவரை வந்துவிடும். பழைய ஜீப்பின் வில்லீஸ் எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். மடக்கிய கார்டு அதற்குக் கிட்டத்தட்ட வரும்.

ஸ்பேனர் விஷயத்துக்கு வருவோம். இங்கே சரித்திரம் கொஞ்சம் தேவைப்படுகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குப் பெரும்பாலான ஜீப்புகளைச் செய்து கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள், வில்லீஸும் ஃபோர்டும். இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தியாக வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. வரைபடம் வில்லீஸுடையது என்பதில் ஃபோர்டுக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்திருக்க வேண்டும். தான் செய்த பாகங்களில், போல்ட் தலைவரைக்கும், தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்து அனுப்பியது. எழுத்து எதுவானாலும் போல்ட் பொருந்தியது. போர்க்களத்தில் உடைந்த இரண்டு வண்டியிலிருந்து ஓடுகிற ஒரு வண்டியைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அந்த வில்லீஸ் குடும்பத்து ஜீப்பைத்தான் மஹிந்திரா 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. எல்லாமே அங்குல அளவு.

பிறகு டீசல் வந்தது. 1980-களில் பல மஹிந்திரா ஜீப்புகளில் பிரான்ஸின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2,112 சிசி டீசல் எஞ்சின் உட்கார்ந்தது. அது மில்லிமீட்டர் அளவு. ஆக, உடம்பு அமெரிக்கன், இதயம் பிரெஞ்சு. சேஸியில் ஒரு நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் வேண்டும். அடுத்து எஞ்சினில் ஒரு நட்டுக்கு 13 வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனரைப் போட்டால் பிடிப்பதுபோலப் பிடித்து, அழுத்தும்போது வழுக்கி, நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும். அதற்கப்புறம் உளியும் சுத்தியலும்தான். வழியில் நிற்கும் பாதி வண்டிகள் பழுதால் நிற்கின்றன என்றால், மீதி மழுங்கிய நட்டால் நிற்கின்றன என்று சொன்னால் மெக்கானிக்குகள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பளபளக்கும் ரெடிமேட் செட் வாங்கிப் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுதான். பெட்டிக்கான ஸ்பேனர்களை வண்டியே தேர்ந்தெடுக்கும். வீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாற்று, ஹோஸைக் கழற்றி மாட்டு, டீசல் ஃபில்டரை மாற்று, ஒரு சக்கரத்தைக் கழற்று. எந்தெந்த ஸ்பேனர் கைக்கு வந்ததோ அவை மட்டும் பெட்டிக்குப் போகட்டும். சக்கரம் என்றதும் ஒரு எச்சரிக்கை: வில்லீஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடமரை. வழக்கம்போல இடப்பக்கம் திருகித் தளர்த்தப் பார்த்தால் இறுகும். இறுகுவதைத் துரு என்று நினைத்து, குழாயைச் செருகி, ஏறி நின்று மிதித்து ஸ்டட்டையே ஒடித்த புண்ணியவான்கள் எத்தனையோ பேர். தெரியாதவர் உதவிக்கு வந்து உடைப்பது இன்னும் அதிகம்.

டீசல் ஜீப்பின் பெருந்தன்மை வேறு. பழைய இயந்திர பம்ப் வைத்த டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. நிறுத்துவதற்குக்கூடக் கேபிளைத்தான் இழுக்கிறோம். டைனமோ செத்தாலும் பேட்டரி செத்தாலும் பகல் வெளிச்சத்தில், எஞ்சினை அணைக்காமல், சரிவில் தள்ளிக் கிளப்பிய வண்டி ஊர்வரை வந்து சேரும். அதன் பலவீனம் ஒன்றுதான்: காற்று. குழாயில் ஒரு செப்பு வாஷர் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வழியில் காற்றை உறிஞ்சினால் ஏர் லாக். டீசல் தீர்ந்துபோக விட்டாலும் இதே கதி. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை காத்திருந்து மூட வேண்டும். ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு நாள், பேட்டரி, செல்ஃப் மோட்டார் எல்லாம் போகும். தெரியாமல் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். பத்து ரூபாய் செப்பு வாஷர்கள் சிலவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பவர் மேதை.

மலைக்கு உரிய இன்னொரு சங்கதி கொதிநிலை. கொளுக்குமலை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிதான் உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைத்து அந்தக் கொதிப்பைத் தள்ளிப் போடுகிறது. மூடியின் ரப்பர் கட்டியாகிவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி பொங்கும். உடையாத, ஒழுகாத, ஓடிப் பார்த்த மூடி ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் எந்தப் பட்டியலிலும் அது இடம்பெறுவதில்லை. பொங்கும் ரேடியேட்டரைத் திறக்காதே என்று எத்தனை முறை சொன்னாலும் ஆண்டுதோறும் யாரோ முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு டீ குடிப்பது பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதிதான்.

மலை டிரைவர்களின் கைவைத்தியங்கள் பலவற்றுக்கு நல்ல காரணம் இருக்கிறது. டீசல் டேங்க்கில் கீறல் விழுந்து ஒழுகினால் பார்சோப்பைக் குழைத்து அப்புகிறார்கள். எண்ணெய் சோப்பைக் கரைக்காது, அதனால் நிற்கும். கிழிந்த ஹோஸில் சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டுகிறார்கள். மூடியைச் சற்றுத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்தால் அந்தக் கட்டு தாக்குப்பிடிக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்கு சைக்கிள் பிரேக் கம்பி. கிளட்ச் கேபிள் அறுந்தால் முதல் கியரில் போட்டு செல்ஃபிலேயே வண்டியை நகர்த்திக் கிளப்புகிறார்கள். ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் பொடி போடுவதும் உண்டு. அது பொத்தலை அடைக்கும், கூடவே நல்ல குழாய்களையும் அடைக்கும். ஊர் சேர்ந்ததும் கழுவாவிட்டால் அடுத்த மாதம் பொங்கலுக்கு அதுவே காரணமாகும். பெட்ரோல் பம்ப் செத்தால் பானெட் மேல் கேனை வைத்துக் குழாய் விட்டு ஓட்டிய கதைகளைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடான எஞ்சினுக்கு மேல் திறந்த பெட்ரோல்! இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உடைவதிலேயே பெரியது ஆக்ஸிலும் ஷாஃப்டும். இங்கேதான் நான்கு சக்கர இழுவை கைகொடுக்கிறது. பின் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸ் நொறுங்கினால், அந்த ஷாஃப்டையே கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, நான்கு சக்கர லீவரைப் போட்டு, முன் சக்கர இழுவையில் மெதுவாக ஊர் வந்து சேரலாம். பழைய லேண்ட் ரோவர்களின் பின் ஹாஃப் ஷாஃப்ட் உடைவதற்குப் பேர்போனது. ஆனால் அந்த வண்டியில் சக்கரம் நிற்பது ஷாஃப்டின் மேல் இல்லை, தனி பேரிங்கின் மேல். உடைந்த துண்டை உருவிப்போட்டாலும் சக்கரம் கழன்றுவிடாது. போர்க்கால வில்லீஸும் அப்படியே. பின்னால் வந்த சிஜே-3பி போன்ற ஜீப்புகளில் ஷாஃப்டே சக்கரத்தையும் தாங்குகிறது. அது உடைந்தால் சக்கரம் வெளியே நடந்து போய்விடும். அந்த வண்டியை ஓட்டி வரப் பார்க்கக் கூடாது. ஒரே மாதிரி தோற்றமுள்ள இரண்டு வண்டியில் ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகிறது. பொதுப் பட்டியல்களின் போதாமை இதுதான்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் இருக்கிறது. ஷாஃப்ட் வழியாகத்தான் அது பின் சக்கரத்தைப் பிடிக்கிறது. சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்ட தைரியத்தில் அடியில் படுத்து ஷாஃப்டின் கடைசி போல்ட்டைக் கழற்றினால், பிடிமானம் கையோடு வந்துவிடும். வண்டி உருளும். ஆகவே முதல் வேலை சக்கரங்களுக்குக் கல் கொடுப்பது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாமல் ஸ்டெப்னியைச் சேஸிக்கு அடியில் தள்ளி வைப்பது இரண்டாவது.

நீண்ட பயணத்தில் எல்லாப் பாகத்தையும் சுமப்பதா, கிடைக்கும் இடத்தில் வாங்கிக்கொள்வதா என்ற கேள்வி பழையது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியா, பர்மா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் எடுத்த முடிவுகளிலேயே கெட்டிக்காரத்தனமானது, இரண்டும் ஒரே மாடலாக இருந்ததுதான். ஒன்றுக்கு வைத்திருக்கும் பாகம் மற்றதற்கும் ஆகும். அந்த வண்டிகளில் ஒன்று மீட்டெடுக்கப்பட்டு 2019-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியது. குழுவாக மலையேறும் நம்மூர் வார இறுதிக்காரர்கள் வண்டிக்கு ஒரு ஜாக்கி, வண்டிக்கு ஒரு வின்ச் என்று ஒரே சாமானை ஆளாளுக்குச் சுமக்கிறார்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்று கிளம்புமுன் பேசிப் பங்கிட்டுக்கொண்டால் பாதிச் சுமை குறையும்.

டார்ஜிலிங் அருகே மானேபஞ்சாங் என்ற சிற்றூர் வேறொரு வழியைக் காட்டியது. தேயிலைத் தோட்ட வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன லேண்ட் ரோவர்கள் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்கு 31 கிலோமீட்டர் செங்குத்துப் பாதையில் சாமானும் ஆளும் ஏற்றின. 2018-ல் லேண்ட் ரோவர் நிறுவனம் தன் 70-வது ஆண்டுக்கு எடுத்த படத்தில் அங்கே 42 வண்டிகள் பராமரிக்கப்படுவதைப் பதிவு செய்தது. நிறுவனம் பெருமைப்பட்டுக்கொண்டது நியாயமே. ஆனால் அந்த வண்டிகளை ஓடவைத்தவர்கள் ஊர் மெக்கானிக்குகள். கிடைக்காத பாகத்துக்குக் கிடைக்கும் பாகத்தைக் கடைந்து பொருத்தியவர்கள்.

கைவைத்தியத்துக்கும் ஒரு கோடு உண்டு. அது பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் விழுகிறது. பழைய ஜீப்புகளில் பிரேக் எண்ணெய் ஓடுவது ஒரே சுற்று. ஒரு சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். பெடல் உள்ளே இறங்குகிறது என்றால் எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரேக் ஆயில் இல்லையென்று எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது உள்ளிருக்கும் ரப்பர்களை ஊதவைத்து முழு அமைப்பையும் கெடுத்துவிடும். சிலிண்டர் ரப்பர் கிட்டும் மூடி பிரிக்காத பிரேக் ஆயிலும் பெட்டியில் இருக்க வேண்டும். அந்த வேலையைச் சமதளத்தில், நிதானமாக, பெடல் கெட்டியாகும்வரை காற்றெடுத்துச் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். தெரியாதவர் அந்த இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டு ரெக்கவரி வண்டியை அழைக்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாம் கியரும் ஹேண்ட் பிரேக்கும் போதும் என்ற வீரம் மலைச்சாலையில் எதிரே வருகிறவரின் உயிரைப் பணயம் வைக்கிற வீரம்.

ரெக்கவரி வண்டி எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற உதவி எண் இருக்கிறது. போடிமெட்டு வழியாகப் போகும் கொச்சி–மதுரைச் சாலை தேசிய நெடுஞ்சாலை 85 ஆகையால் அங்கே அதை அழைக்கலாம். தோட்டப் பாதைக்குள் அது உதவாது, பல இடத்தில் செல்போனே எடுக்காது. அங்கே ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற இன்னொரு டிரைவர்தான் ரெக்கவரி. அவர் கயிறு கொடுப்பார், பாகம் கொடுப்பார், பணம் பிறகு. அந்த ஏற்பாடு பழக்கத்தில் ஓடுகிறது, வெளியூர்க்காரருக்குத் தானாகக் கிடைத்துவிடாது.

நின்ற வண்டி மற்றவர்களுக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றி நம்மூரில் போதுமான பேச்சில்லை. பின்னால் ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள், வரிசையாகக் கல் வைப்பார்கள். பகலில் அது பயன்படும். இரவில் கறுத்த கிளை கறுத்த சாலையில் தெரியாது. பழுது தீர்ந்ததும் டிரைவர் ஏறி உட்கார்ந்து போய்விடுவார், கற்கள் அங்கேயே கிடக்கும். அரை மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதில் மோதுகிறார். பெட்டியில் ஆயிரக்கணக்கான ரூபாய் சாமான் வைத்திருப்பவர் ஒளிரும் முக்கோணப் பலகை இரண்டை வைத்திருப்பதில்லை. வளைவில் நின்றுவிட்டால் முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நான்கு அடியில் வைப்பதும் வீண். வளைவுக்கு முன்னாலேயே, வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். கல் வைத்தவர் கல்லை எடுக்காமல் போனால் அதற்கு அபராதம் போட்டாலும் தப்பில்லை.

இவ்வளவும் வண்டிக்காரர் பாடு. அரசின் பாடும் இருக்கிறது. 2020 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதித் திருத்தம் கொண்டுவந்தது: டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் புதுக் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. நகரத்துக்கு அது சரி. புதுக் கார்கள் பழையவற்றைவிட எவ்வளவோ குறைவாக வழியில் நிற்கின்றன என்பதும் உண்மை. பழைய ஜீப்பைச் சாலையோரத்தில் சரிசெய்ய முடிவது அதன் அடிக்கடி நிற்கும் குணத்துக்குக் கிடைத்த நஷ்ட ஈடுதான். ஆனால் புதியது நிற்கும்போது உரிமையாளர் கையில் எதுவுமே இருப்பதில்லை.

பாகமும் தகவலும் யார் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கு நம் நாட்டில் ஏற்கெனவே நடந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் முடக்கியதாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது; வேளாண் கருவி, செல்போன், வீட்டு மின்சாதனத்தோடு வாகனங்களையும் அதில் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் அதற்கான இணையதளமும் தொடங்கியது. திசை நல்ல திசை. ஆனால் பேச்சு முழுக்க இன்று விற்கும் வண்டிகளைச் சுற்றியே இருக்கிறது.

பழைய வண்டிகளுக்குக் கிடைத்திருப்பது கட்டண உயர்வு. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1-ல் காலாவதியானது; அரசு அலுவலக முற்றங்களில் நின்ற ஜீப்புகள் ஒரே நாளில் இரும்புக் கணக்குக்குப் போயின. இன்னொரு முனையில், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பாரம்பரிய வாகனம் என்ற தகுதியை 2021 விதிகள் தருகின்றன. எஞ்சின், சேஸி, பாடி மாறாமல் இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் மாட்டி ஏலக்காய் ஏற்றிய ஜீப் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. காட்சிக்கு வைப்பவரின் வண்டிக்குக் கௌரவம் இருக்கிறது, வேலை செய்கிற வண்டிக்கு வழியில்லை.

தகுதிச் சான்றைத் தளர்த்தச் சொல்வது சரியாகாது. பிரேக், ஸ்டியரிங், விளக்கு மூன்றையும் இப்போதைவிடக் கண்டிப்பாகவே பார்க்க வேண்டும், புகையையும்தான். அதைக் கேட்கிற அரசு, அந்தப் பிரேக்குக்கு நல்ல சிலிண்டர் கிடைக்கவும் வழிசெய்ய வேண்டும். உற்பத்தி நின்ற மாடல்களின் பாக எண்கள், அளவுகள், எந்த மாடலின் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற அட்டவணை ஆகியவற்றை நிறுவனங்கள் பொதுவில் வைக்க வேண்டும். அதில் வணிக ரகசியம் என்று காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் ஓசூரிலும் இருக்கும் சிறு பட்டறைகள் அந்த அளவுகள் கையில் கிடைத்தால் வீல் சிலிண்டரும் தண்ணீர் பம்ப்பும் ஒழுங்காகச் செய்துவிடும். இப்போது ஒரு மாதிரியைக் காலிப்பரில் அளந்து, அதன் தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுக்கிறார்கள். அந்த நகலைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுக்கிறார். பெயர்பெற்ற நிறுவனங்களின் உறையில் போலி பிரேக் ரப்பர் விற்பவர்கள் மீது எடைமோசடிக்கு எடுக்கும் நடவடிக்கையளவுகூட எடுக்கப்படுவதில்லை.

அதுவரை மலையேறுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் தரையில் கொட்டிப் பார்ப்பது நல்லது. ரப்பர் சும்மா கிடந்தாலும் முதுமை அடையும். டயர் டியூப் மடிப்பில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும், இன்சுலேஷன் டேப் கூழாகியிருக்கும், ஒருமுறை திறந்த பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்து வீணாகியிருக்கும். போன பயணத்தில் எடுத்துப் பயன்படுத்திய ஹோஸ் கிளிப்பைத் திரும்ப வாங்கி வைக்க மறந்ததும் அப்போதுதான் தெரியவரும்.